தோளில் இருந்த பிள்ளை

முத்தாயிக்குத் தன் தங்கை மேல் பொறாமை என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் தோட்டமே சிரித்திருக்கும். நீலாவதியை வளர்த்தவளே அவள்தான். தகப்பன் மாயாண்டியை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது முத்தாயிக்குப் பத்து வயது, நீலாவதிக்கு நாலு. போனவர் திரும்பவில்லை. இரண்டு வருஷத்தில் தாயும் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மரவள்ளிக்கிழங்கு தோண்டி அவித்துக் கொடுத்ததும், பேன் பார்த்ததும், சிரங்குக்கு மருந்து போட்டதும் எல்லாம் முத்தாயிதான். பதினெட்டு வயதில் வீரமுத்துவைக் கட்டிக்கொள்ளும்போது, "என் தங்கச்சியும் என்கூடத்தான் இருப்பா, சம்மதம்னா கட்டிக்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள்.

நான் கணேசமூர்த்தி. அந்த ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்தது 1953-இல். பகா பட்டணத்திலிருந்து ஏழு மைல். அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. ஆற்றோரத்தில் வரிசையாக இருந்த பழைய லயத்து வீடுகளை இரண்டு வருஷத்துக்கு முன்பே இடித்துவிட்டு, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று எல்லாரையும் ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் கம்பிவேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் கேட்டைத் திறப்பார்கள். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தடவிப் பார்ப்பான். பெண்களைத் தடவிப் பார்க்க வள்ளியம்மா என்று ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு வெளியே போக முடியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், வெயில் ஏறித் திரும்பி வந்துதான் வாயில் எதையாவது போட வேண்டும்.

முத்தாயி பால்வெட்டுக்காரி. நீலாவதிக்கு ஆயாக்கொட்டகையில் வேலை. வெட்டுக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கொட்டகைக்குத்தான் பங்களாவிலிருந்து ஒருநாள் மூன்று கட்டுப் பழைய புத்தகங்கள் வந்தன. சண்டைக்கு முன்னால் இருந்த துரை சீமையிலிருந்து வரவழைத்த படப் புத்தகங்கள். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. பிள்ளைகள் கிழித்து விளையாடட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். என் மனைவியும் தன் பங்குக்குப் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு கட்டுக் கொடுத்தாள்.

நீலாவதி அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தரிக்கத் தொடங்கினாள். லயத்துப் பலகைச் சுவரில் காற்று புகாமல் இருக்கக் காகிதம் ஒட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. இவளும் அதற்குத்தான் ஒட்டுகிறாள் என்று முத்தாயி நினைத்தாள். அரிசி ரேஷனில் பசை காய்ச்சக் கஞ்சிக்கு எங்கே போவது? முத்தாயியே ஒரு சிகரெட் டின்னில் ரப்பர் பால் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு மாதத்தில் அந்தச் சுவரில் பழைய லயம் எழுந்து நின்றது.

நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சீமைக் கார்களின் கதவுகளை நறுக்கித் தகரக் கூரை வைத்திருந்தாள். கிராமபோன் தட்டு கிணறாகியிருந்தது. ஏதோ வெள்ளைக்காரச் சீமாட்டியின் பட்டு கவுன் நீளமாக வெட்டுப்பட்டு ஆறாக ஓடியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முனியாண்டி கோயில். சாமியின் சிவப்புத் துணிக்குப் பகாவில் கருவாடு சுற்றிக் கொடுத்த சீனக் காகிதம். கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, பாதை முடியும் இடத்தில் காடு. எல்லாமே தீவனப் பொட்டல விளம்பரம், சோப்பு விளம்பரம், குதிரைப் பந்தயம் என்று எங்கெங்கோ இருந்து வந்தவை. ஆனால் அந்த லயத்தில் பிறந்தவர்கள் சுவருக்கு முன்னால் வந்து நின்றதும், "ஐயோ, இது நம்ம மூணாவது வீடுலா" என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

நடுவில் மாயாண்டி ஆற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் போட்டோ கிடையாது. படகு ஓட்டும் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் தோள்கள். அடுப்புக்கரி பூசிக் கறுப்பாக்கியிருந்தாள். கண்கள் மருந்து விளம்பரத்திலிருந்து. மீசை குதிரையின் பிடரி மயிர். தோளில் ஒரு சின்னப் பெண், தகப்பன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலையில் சிவப்பு ரிப்பன்.

மாயாண்டியோடு ஒன்றாகப் பால் வெட்டி, பிறகு கங்காணியான மண்டோர் இராஜமாணிக்கம் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "அச்சு அசல் அவன்தான்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆள் வர ஆரம்பித்தது. சயாமில் மகனைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள் முட்டையோ வெற்றிலையோ கொண்டுவந்து கொடுத்து, "எங்காளையும் ஒட்டிக் குடும்மா" என்று கேட்டார்கள். நீலாவதி கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, "மூக்கு எப்படி இருக்கும்? நெத்தி ஏறுநெத்தியா?" என்று விசாரிப்பாள். முத்தாயி வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தாள்.

பின்னால் பல வருஷம் கழித்து அவளே என்னிடம் சொன்னதைத்தான் இனி எழுதுகிறேன்.

தோளில் இருக்கும் பிள்ளை யார் என்று அவள் முதல் நாளே கேட்டிருக்கிறாள். "நான்தான்கா" என்றாளாம் நீலாவதி, தலையைத் தூக்காமல். "ஆத்துல வெள்ளம் வந்து லயத்துக்குள்ள பூந்துச்சுல்ல? அப்பா என்னைத் தோள்ல வச்சு மேட்டுக்குக் கொண்டு போனாருல்ல?"

முத்தாயி கையில் இருந்த பானையைக் கீழே வைத்தாள். "அது நான்டி. நீ அப்பப் பொறக்கவே இல்ல. அம்மா வயித்துப் பிள்ளத்தாச்சி."

"போக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா தலையில வேப்பெண்ணெ வாசம். வெத்தலையத் துப்புனாரு, தண்ணியில செவப்பா ஓடுச்சு. கூரை மேல கோழி நின்னுச்சு. 'எத்தினி கோழி, எண்ணு'ன்னு கேட்டாரு."

ஒவ்வொரு வார்த்தையும் முத்தாயியின் வார்த்தை. ஜப்பான்காரன் காலத்தில் பசி தாங்காமல் நீலாவதி அழுத ராத்திரிகளில், சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் இந்த ஒரு கதையைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். கேட்டுக் கேட்டு அது நீலாவதிக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது.

"சரி, அப்ப நான் எங்க?" என்று கேட்டாள்.

நீலாவதி மூன்றாவது வீட்டு வாசலைக் காட்டினாள். அங்கே இடுப்பில் வாளியோடு ஒரு பெண் நின்றாள். முழுப் பெண். புடவை கட்டி, கொண்டை போட்டு.

"அதுலா நீ."

தங்கைக்குத் தெரிந்த முத்தாயி எப்போதும் அப்படித்தான் இருந்தாள், சமைக்கிறவளாக, துவைக்கிறவளாக. அவளுக்கும் ஒரு காலத்தில் ஐந்தாறு வயது இருந்தது என்பது அந்தச் சுவரில் எங்குமே இல்லை. "அப்பாவும் போயிட்டாரு, அந்த லயமும் போயிடுச்சு, எனக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதான் ஐயா. அதையும் எடுத்து ரிப்பன் கட்டி அவ தலையில வச்சுக்கிட்டா" என்று என்னிடம் சொன்னாள்.

ஒருநாள் தாயம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி படத்தைப் பார்த்துக்கொண்டே, "மூத்தவளுக்கு இல்லாத பாசம் சின்னவளுக்குப் பாரேன். அப்பன் முகத்த நெஞ்சுலயே வச்சிருந்திருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நெஞ்சில் வைத்திருந்தது யார்? மூக்கு கொஞ்சம் வளைந்திருக்கும், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று தங்கைக்கு வரி வரியாகச் சொன்னது யார்? அன்றைக்கு முத்தாயி சோறு தின்னவில்லை. தங்கையின் தட்டில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போட்டாளாம். "மனசுக்குள்ள அவ்வளவு எரியுது, கை மட்டும் அள்ளி அள்ளிப் போடுது."

அடுத்த நாள் விடிகாலை கேட்டில் வள்ளியம்மா அவளைத் தடவிப் பார்க்கும்போது, "என்னடி, உங்க வீட்டுச் சொவத்தப் பாக்க ஊரே வருதாமே?" என்றாள்.

"வராம? சீனத்துக் காகிதமெல்லாம் ஒட்டி வச்சிருக்கா. ஆத்துப் பாதை, காட்டுப் பாதை எல்லாம் போட்டு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு முத்தாயி கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தங்கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. அதிகாரி யாராவது வந்து மிரட்டுவார்கள், சுவரைக் கிழித்துப் போடச் சொல்வார்கள், அதோடு முடியும் என்று இருந்தாள். ஆனால் சீனக் காகிதம், பாதை, காடு என்ற மூன்று வார்த்தைகளுக்கு அந்த வருஷத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதென்றும் சொல்ல முடியாது. "தெரியும். தெரிஞ்சும் வாயில வந்துடுச்சு" என்றுதான் சொன்னாள்.

பத்து மணிக்குப் போலீஸ் லாரி வந்தது. என்னையும் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். சார்ஜண்ட் சுவரைப் பார்த்தவுடனே, "இது மேப்" என்றான். ஸ்டோரில் வேலையாய் இருந்த வீரமுத்துவை இழுத்து வந்து நிறுத்தினார்கள். நீலாவதி கொட்டகையிலிருந்து ஓடிவந்து, "மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் ஒட்டினது" என்று நடுவில் நின்றாள். பதினைந்து வயதுப் பெண். ஒரு கான்ஸ்டபிள் கத்தியால் சுவரின் மூலையைக் கிளப்பினான். ரப்பர் பால் காய்ந்து காகிதங்களையெல்லாம் ஒரே தோலாகப் பிடித்திருந்தது. ஆட்டுத்தோல் உரிவதுபோல் முழுச் சுவரும் உரிந்து வந்தது. அதைப் பாய்போலச் சுருட்டி லாரியில் போட்டார்கள். நீலாவதியையும் ஏற்றினார்கள்.

முத்தாயி வெட்டுக்காட்டிலிருந்து வந்தபோது லாரி போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

ஏழாம் நாள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நான்தான் ஐயா சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன்?" என்று கேட்டேன். "என்ன செஞ்சா விடுவாங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

துரையிடம் போனேன். அவர் தலையிட விரும்பவில்லை, போலீஸ் காரியம் என்றார். மூன்று முறை கேட்டபின், நான் வேண்டுமானால் பகாவுக்குப் போய்ப் பேசலாம் என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார். அதற்குள் நீலாவதியைச் சிரம்பான் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். சுவர் மட்டும் பகா ஸ்டேஷனில் இருந்தது. அக்காள் வந்து படத்தைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தால் பார்க்கலாம் என்று தகவல் வந்தது. பதினெட்டாம் நாள் நானும் முத்தாயியும் தோட்டத்து லாரியில் போனோம். வழியில் அவளுக்கு ஒன்றுதான் சொன்னேன்: "உன் தங்கை என்ன சொல்லியிருக்கிறாளோ அதுவும் நீ சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒரு இடத்தில் இடித்தாலும் இரண்டு பேரும் பொய் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும்."

வெள்ளைக்கார அதிகாரி மேசை மேல் அந்தத் தோலை விரித்து, நாலு மூலையிலும் கனமான புத்தகங்களை வைத்திருந்தார். பக்கத்தில் நீலாவதியின் வாக்குமூலம். அன்றைக்கு அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நானே செய்தேன்.

பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். இது என்ன? ஆறு. இந்தக் கோடு? கோயிலுக்குப் போகிற பாதை. சீன எழுத்து எதற்கு?

"எழுத்துக்காக ஒட்டல ஐயா. செவப்பு வேற எங்கயும் கெடைக்கல. சாமிக்குத் துணி அது."

கூரை மேல் நின்ற கோழிகளைக் கேட்டார், கிணற்றைக் கேட்டார். முத்தாயி தயங்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த லயத்தில் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதைக்கூடக் கேட்காமலே சொன்னாள். அதிகாரி தாளைப் புரட்டிச் சரிபார்த்தபடி இருந்தார். பிறகு பென்சில் நடுவில் வந்து நின்றது.

"இந்த ஆள்?"

"எங்கப்பா."

"தோளில் இருப்பது?"

முத்தாயி பேசவில்லை. அவளுக்குக் கேட்கவில்லையோ என்று நான் மறுபடி கேட்டேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்ன விஷயம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"என் தங்கச்சி" என்றாள் கடைசியில். "நீலாவதி. அப்பா அவளத்தான் தூக்கிட்டுப் போனாரு."

அதிகாரி தாளில் ஒரு கோடு போட்டார். "வாசலில் நிற்கும் பெண்?"

"அது நான்."

"நீயும் அப்போது சின்னப் பிள்ளையாகத்தானே இருந்திருப்பாய். இது பெரிய பெண்ணாக இருக்கிறதே?"

"அவ அப்படித்தான் ஒட்டிட்டா" என்றாள் முத்தாயி.

நான் அதை மொழிபெயர்த்தபோது அவர் லேசாகச் சிரித்தார். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, அவள் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார். ஐந்து நாள் கழித்து நீலாவதியை விட்டுவிட்டார்கள். சுவரைத் திருப்பித் தரவில்லை.

பகா பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். நீலாவதி மெலிந்திருந்தாள். தலையில் பேன். நான் டிக்கெட் வாங்கப் போயிருந்தபோது அவர்களுக்குள் நடந்ததை முத்தாயி பின்னால்தான் என்னிடம் சொன்னாள். முத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேறெதுவும் பேசுவதற்கு முன்பாக, "நான்தான் வள்ளியம்மாகிட்டச் சொன்னேன்" என்றாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

நீலாவதி கையை எடுத்துக்கொண்டாள். "எதுக்குக்கா?"

"நீ அப்பா தோள்ல ஏறிக்கிட்ட. அது என் எடம்."

நீலாவதி அக்காளைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. "இதுக்கா?" என்றாள். "வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ரிப்பனக் கிழிச்சிட்டு உன்னைய ஒட்டியிருப்பேனே. எனக்கு அப்பா மொகமே ஞாபகம் இல்லக்கா. நீ சொல்லிச் சொல்லித்தான் வச்சேன். யாரு தோள்ல இருந்தா என்ன?"

முத்தாயிக்கு அழுகை வரவில்லை. அந்த 'என்ன'தான் அவளுக்குள் போய்க் குத்தியது. தான் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்ததை இவள் ஒரு துண்டுக் காகிதம்போலக் கிழித்துக் கொடுத்துவிடுவாள். அப்படிக் கொடுக்க முடிகிறவள் மேல் அந்த நிமிஷத்தில் முன்னைவிடப் பொறாமை வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். தங்கையைச் சிறையில் வைத்துவிட்டு, அவள் திரும்பி வந்த நாளிலேயே இப்படி ஒரு எண்ணம் வருகிறதே என்று தன்னையே வெறுத்தாளாம். ஆனாலும் வந்தது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் அவர்கள் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார்கள். வள்ளியம்மாவைத் தவிர லயத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. நீலாவதி யாரிடமும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை மறுபடி தொடவுமில்லை. ஆட்கள் கேட்டுவந்தால், "கண்ணு வலிக்குது" என்று அனுப்பிவிடுவாள். 1956-இல் லுக்குட் என்ற ஊரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த ஆறுமுகத்துக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பார்த்தது, பாத்திரம் பண்டம் சேர்த்தது எல்லாம் முத்தாயிதான். கல்யாணத்தன்று தங்கையின் தலையைப் பின்னிவிட்டபோதுதான் நீலாவதி பழையபடி, "இறுக்காதக்கா, வலிக்குது" என்று சத்தம் போட்டாள். முத்தாயி அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவசரகாலம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த 1960-இல் முத்தாயி மறுபடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"ஐயா, ஒரு மனு எழுதணும். பகா போலீசுக்கு."

"என்னவென்று?"

"அன்னிக்கு நான் குடுத்த வாக்குமூலம் தப்பு. தோள்ல இருந்தது என் தங்கச்சி இல்ல, நானுன்னு."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டேஷனில் அவள் ஏன் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றாள் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். கேட்டு முடித்தபோது ஆபீசில் மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"இதை யார் படிக்கப்போகிறார்கள் முத்தாயி? அந்த அதிகாரியே ஊருக்குப் போயிருப்பார்."

"படிக்க வேணாம். அவ வேணும்னா அப்படியே நெனச்சுக்கட்டும், அவ பிள்ளைங்களுக்கும் அப்படியே சொல்லட்டும். லுக்குட்டுக்குப் போனப்பப் பாத்தேன், அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா நான் கை நாட்டு வச்ச தாளுல நானே அப்படிச் சொல்லியிருக்கேன்ல? அது மட்டும் எனக்கு ஆவல."

எழுதினேன். வெள்ளம் வந்தது, தகப்பனார் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனது, கூரையில் கோழிகள் நின்றது எல்லாம் எழுதி, தோளில் இருந்த பிள்ளை மாயாண்டியின் மூத்த மகள் முத்தாயி என்று முடித்தேன். கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்தேன். ரேகை வைத்தாள். தபாலில் சேர்த்தது நானே. பதில் வரவில்லை. சம்பள நாள்தோறும் வந்து, "ஏதாச்சும் வந்துச்சா ஐயா?" என்று கேட்பாள். ஏழெட்டு மாதம் கேட்டாள்.

கடைசியாகக் கேட்ட அன்று, நகலை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னாள். நின்றுகொண்டே கேட்டாள். பாதி வாசிக்கும்போது கையை நீட்டித் தடுத்தாள்.

"ஆறு வயசுன்னா எழுதியிருக்கீங்க?"

"நீ அப்படித்தானே சொன்னாய்?"

"இல்ல ஐயா. அப்ப எனக்கு அஞ்சரைதான். சின்னப் பிள்ள. மாத்தி எழுதுங்க."

பேனாவை எடுத்து ஆறை அடித்துவிட்டு ஐந்தரை என்று எழுதினேன். அவள் குனிந்து பார்த்து, மை காயும்வரை அங்கேயே நின்றாள்.